தண்ணீருக்கு முன்னால் நடந்தவர்கள்

குழாயின் வாய்க்கு நேரே மண்டி போட்டு உட்கார்ந்து, "யாழினி!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து "யாழினி" என்று என் குரலே திரும்பி வந்தது. "மித்ரா!" என்றேன். அதுவும் வந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னைப் போலப் பேசிக் காட்டுவது மாதிரி இருந்தது.

நைட்டியும் மேலே ஒரு துண்டுமாக ஓடி வந்திருந்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. வாய்க்காலில் வந்துகொண்டிருந்த செம்மண் நிறத் தண்ணீர் என் முழங்காலைச் சுற்றி, சருகையும் நுரையையும் ஒரு பேப்பர் கப்பையும் தள்ளிக்கொண்டு, சாலைக்கு அடியில் இருந்த அந்தச் சிமென்ட் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

என் தம்பியின் இரண்டு பெண்களும் அதற்குள் இருக்கிறார்களா, இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் முதல் வேலையைப் பற்றி எழுதத் தொடங்கி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் உங்களை நிறுத்திவிட்டுப் போனேன். இன்னும் கொஞ்சம் அங்கேயே நில்லுங்கள். இந்த வாரம் வேறு எதையும் எழுத வரவில்லை. இது நடந்து சில வாரங்கள்தான் ஆகின்றன.

ரெண்டு நாள்தானே அண்ணி

என் தம்பி செந்தில் குடவாசல் பக்கம் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். நான் கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து தஞ்சாவூர். அவன் மனைவி கவிதாவுக்குத் திருச்சியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அரசுத் தேர்வு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

"ரெண்டு நாள்தானே அண்ணி. சின்னதுக்கு வண்டியில ஏறுனாலே வாந்தி. பெருசு அவளை விட்டுட்டு வரமாட்டேங்குது. நீங்க வந்துட்டீங்கன்னா நான் நிம்மதியா எழுதிருவேன்" என்று போனில் சொன்னாள்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, பயம்தான். நான் ஒரே ஒரு பெண்ணைப் பெற்றவள். அந்த ஒன்றை வளர்த்ததிலேயே பாதி உயிர் போய்விட்டது. அவள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். காலையில், மதியத்தில், மாலையில் என்று மூன்று வேளை மாத்திரை மாதிரி அவளுக்குப் போன் செய்துவிடுவேன். எடுக்கவில்லை என்றால் அறைத்தோழிக்கு. அவளும் எடுக்கவில்லை என்றால் என் கணவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்.

சனிக்கிழமை விடியற்காலை நான் போய்ச் சேர்ந்தபோது கவிதா ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். மித்ராவுக்கு மஞ்சள் கரு வேண்டாம். யாழினிக்கு டிவி ஒரு மணி நேரம். கேஸ் பையன் வந்தால் கார்டு மேசை டிராயரில். கடைசி வரியில் 'பின்கதவுத் தாழ்ப்பாள்' என்று மட்டும் இருந்தது.

போட வேண்டுமா? போடக் கூடாதா? போட்டால் மாட்டிக்கொள்ளுமா? கவிதாவும் செந்திலும் திருச்சிக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அந்த வரியைப் பார்த்தேன். தேர்வுக்குப் போகிறவளிடம் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்பதா என்று விட்டுவிட்டேன்.

பின்கதவைத் திறந்தால் பத்தடியில் வாய்க்கால். கிளம்பும்போதே செந்திலிடம் கேட்டிருந்தேன்.

"ஏன்டா, தண்ணி வந்துராதுல்ல?"

"நம்ம முறை செவ்வாய்க்கெழமைதான்க்கா. அதுவரைக்கும் காஞ்சுதான் கெடக்கும். மணல்ல வெளயாடட்டும், விடு."

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் திறந்தாலும் எல்லா வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் ஓடாது. இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள். கோடை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடக்கும் வாய்க்காலுக்கு முதல் முறை எந்தக் கிழமை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது. செவ்வாய். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இரண்டு நாளும் பின்கதவைத் திறந்து போட்டேன்.

ஒரு வாய்க்கு ஒரு கதை

தவறு அங்கே நடக்கவில்லை. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டில் நடந்தது.

மித்ராவுக்கு ஐந்து வயது. சோற்றை வாயில் வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"முழுங்குடி தங்கம்."

தலையை ஆட்டினாள்.

"அவ கதை சொன்னாதான் அத்த முழுங்குவா" என்றாள் யாழினி. ஒன்பது வயது. தங்கையைப் பற்றிப் பேசும்போது ஐம்பது வயது.

எனக்கு ராஜா கதையெல்லாம் சொல்ல வராது. ஜன்னல் வழியே காய்ந்த வாய்க்கால் தெரிந்தது. அதையே சொன்னேன்.

"நான் உன் அக்கா மாதிரி இருந்தப்போ, இந்த வாய்க்கால்ல முதல் தண்ணி வருதுன்னா போதும், ஓடிருவோம். எதுக்குத் தெரியுமா? தண்ணிக்கு முன்னாடி நடக்க."

மித்ராவின் தொண்டை அசைந்தது. ஒரு வாய் போயிற்று.

"தண்ணி மெதுவாத்தான் வரும். பாம்பு மாதிரி. மோந்து மோந்து பாத்துக்கிட்டு, ஒவ்வொரு வெடிப்பா நெறப்பிக்கிட்டு. அது முன்னாடி நாம நடக்கணும். ஓடக் கூடாது, கரையில ஏறக் கூடாது. குதிகால்ல தண்ணி பட்டுச்சுன்னா அவுட். கடைசி வயல் வரைக்கும் நனையாம போறவதான் ராணி."

"நீங்க ராணியா அத்த?"

"பின்ன!"

இன்னொரு வாய். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கிண்ணத்தில் இன்னும் நான்கு வாய் இருந்தது.

"ரோட்டுக்கு அடியில குழாய் இருக்குல்ல, அங்க வந்ததும் கரையில ஏறக் கூடாதே, என்ன பண்றது? குழாய்க்குள்ள பூந்து, தவழ்ந்து, அந்தப் பக்கம் வந்துருவோம். தண்ணி வர்றதுக்குள்ள!"

மித்ராவின் வாய் தானாகத் திறந்தது. நான் ஊட்டினேன். யாழினி சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அப்பாவும் வந்தாங்களா அத்த?"

"இல்லம்மா. உங்கப்பா அப்ப சின்னப் பையன். அவன் வரல."

கிண்ணம் காலி. எனக்கு ஏக சந்தோஷம்.

சொல்லாமல் விட்டது

செந்தில் வந்தான்.

எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஆறு. வேண்டாம் என்றுதான் அவன் சொன்னான். "பயந்தாங்கொள்ளி, அப்ப அவுட்டுன்னு ஒத்துக்க" என்று நான்தான் சீண்டினேன். நான் முன்னால் புகுந்தேன். என் பின்னால் அவன் வந்தான்.

நான் அந்தப் பக்கம் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது அவன் வரவில்லை. உள்ளே முள் சிக்கியிருந்தது. நான் உடம்பைச் சுருக்கிக் கடந்துவிட்டேன், அவன் சட்டை மாட்டிக்கொண்டது. பிறகு தண்ணீர் வந்தது. அவன் அழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் இருமுகிற சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. நின்றேன். பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மறுபக்கமாகக் கையை விட்டு அவன் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். புருவத்தில் கிழிந்து ரத்தம். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

வீட்டில் கேட்டார்கள். "அவனாத்தான் போனான். நான் கரையில நின்னு வேணாம் வேணாம்னு கத்துனேன்" என்றேன்.

அழுதுகொண்டிருந்த பையனுக்கு அப்பா இன்னும் இரண்டு போட்டார். நான் அன்று கட்டியிருந்த மஞ்சள் பாவாடை முழங்காலில் கிழிந்திருந்தது. வேலியில் மாட்டியது என்று அதற்கும் ஒரு பதில் சொன்னேன். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. செந்திலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு அப்போது நல்ல காய்ச்சல் வேறு.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதை அப்படியே நின்றுவிட்டது. செந்தில் தானாகக் குழாய்க்குள் போனவன். அக்கா எச்சரித்தவள். அப்பா, அம்மா இருவரும் அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இருமல்

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்தது. குழந்தைகள் பின்னால் மணலில் இருந்தார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டு தலை தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு என் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் இருமினாள்.

அவ்வளவுதான். எத்தனை நாளாக? சளியா, வறட்டு இருமலா? தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிறாயா? மாத்திரைப் பெயரைப் படி. "அம்மா, ஒரு தடவ இருமினேன்மா, ஒரே ஒரு தடவ" என்று அவள் கத்துகிற வரைக்கும் கேட்டேன். இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிற ஒரு தொண்டைக்காக நான் மாத்திரை தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் "தண்ணி! தண்ணி!" என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டது என்று இப்போது தெரிகிறது. அப்போது அது என் காதில் விழுந்து, உள்ளே போகாமல் நின்றுவிட்டது.

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். தலை இல்லை. பின்கதவுக்கு வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் இருந்தது.

அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயமே வரவில்லை. குழப்பம்தான் வந்தது. இன்று செவ்வாய்க்கிழமையா? நான் எத்தனை நாளாக இங்கே இருக்கிறேன்? காலையில் காய்ந்து கிடந்த இடத்தில் ஒரு சாண் தண்ணீர், ரொம்ப நாளாக அங்கேயே இருப்பது மாதிரி சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. புது மண் வாசனை அடித்தது. கரையில் இரண்டு கொக்கு.

பிறகுதான் முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக் கதை ஞாபகம் வந்தது.

ஒரு புள்ளயத்தான் பாத்தேன்

கரையோடு ஓடினேன். பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா படியில் நின்று புதுத் தண்ணீரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, புள்ளைங்களைப் பாத்தீங்களா?"

"இப்பதான் ரெண்டும் போச்சு. தண்ணிக்கு முன்னாடி, ஆட்டம் போட்டுக்கிட்டு. ஏம்மா இப்படி ஓடுற?"

"செவ்வாய்க்கெழமைதானே முறை?"

"அது அப்படித்தான். மேல நாத்து விட்டு முடிஞ்சிருச்சாம், முன்னாடியே மதகைத் தூக்கிட்டாங்க. நல்லதுதானே?"

மேலும் ஓடினேன். கொஞ்ச தூரத்தில் எதிரே மொபெட்டில் ஒருவர் உர மூட்டையோடு வந்தார். நிறுத்தி, அவரிடமும் கேட்டேன்.

"கரையில ஒரு புள்ள நின்னுச்சுங்க, குழாய்க்குக் கிட்டக்க."

"ரெண்டு பேருங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

"நான் ஒரு புள்ளயத்தான் பாத்தேன். பெரிய புள்ள. குனிஞ்சு உள்ள பாத்துக்கிட்டு நின்னுச்சு."

பெரியது மட்டும் கரையில். குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

நான் குழாயை அடைந்தபோது கரையிலும் யாரும் இல்லை. மண்டி போட்டுக் கத்தியது அப்போதுதான். எங்கள் காலத்தில் அது மண்சாலை, குழாயும் குட்டையானது. இப்போது சாலையை அகலப்படுத்தித் தார் போட்டதில், குழாயோடு குழாய் சேர்த்து இரண்டு மடங்கு நீளமாக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியவில்லை. ஏதோ மறைத்துக்கொண்டிருந்தது.

சாலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கினேன். அங்கே தண்ணீர் நூல் மாதிரிதான் ஒழுகியது. அந்தப் பக்கம் அவ்வளவு தண்ணீர் போகிறதே, இங்கே ஏன் வரவில்லை? உள்ளே எது தடுக்கிறது? வயிற்றை மண்ணில் அமுக்கிப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டேன். விரலில் துணி தட்டுப்பட்டது. மெத்தென்று, கனமாக.

போன முறை நின்றேன். இந்த முறை இழுத்தேன்.

"அத்த, அங்க என்ன தேடுறீங்க?"

மித்ராவின் குரல். குழாய்க்குள்ளிருந்து இல்லை. என் முதுகுக்குப் பின்னால்.

கையில் இருந்தது ஒரு பழைய உரச்சாக்கு. அது வெளியே வந்த வேகத்தில், அடைபட்டிருந்த தண்ணீர் என் முகத்தில் பாய்ந்தது. மூக்கிலும் வாயிலும் சேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு பேரும் வாய்க்காலுக்குள்தான் நின்றார்கள். காய்ந்த கால்களோடு.

"ரொம்ப நேரமா தண்ணி எங்களைப் புடிக்கவே இல்ல அத்த. ஏன்னு பாக்க வந்தோம்" என்றாள் யாழினி.

"வருது, வருது! ஓடு!" என்று மித்ரா திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

நான் எட்டிப் பிடித்தது யாழினியை. அவள் கன்னத்தில் அறைந்தேன். என் பெண்ணைக்கூட நான் அடித்ததில்லை.

அவள் அழவில்லை. கன்னத்தில் என் ஐந்து விரலும் சேறாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள்: "நாங்க குழாய்க்குள்ள போகல அத்த. ரோட்டு மேல ஏறித்தான் வந்தோம். மித்ராதான் கீழ எறங்கி, போறேன்னு அடம் புடிச்சா. நான் கரையில நின்னு உள்ள இருட்டைக் காட்டி, வேணாம் வேணாம்னு கத்தி, தூக்கிட்டு வந்தேன். அப்பா சொல்லிருக்காங்க. சின்ன வயசுல அப்பா அதுல மாட்டிக்கிட்டாங்களாம்."

மொபெட்காரர் ஒரு பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறார். இன்னொன்று பள்ளத்தில் நின்றிருக்கிறது.

"அப்பாவை யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு சொன்னாங்களா?"

"யாரும் இல்லையாம். தானாத்தான் போனாங்களாம்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நீங்களும் அப்பா வரலன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

அவளுக்கு எது குழப்பம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மித்ரா என் முன்னால் ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். "அத்த, என் குதிகால் நனையல. நான்தானே ராணி?"

திரும்பி வந்தவர்கள்

சாயங்காலம், வெயில் இருக்கும்போதே அவர்கள் வந்துவிட்டார்கள். கவிதா தேர்வை நன்றாக எழுதியிருந்தாள். வந்ததும் வராததுமாகப் பின்கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஐயோ அண்ணி, அந்தத் தாழ்ப்பாள் வரி எனக்கு நானே எழுதிக்கிட்டது. இறுகிப்போச்சு, எண்ணெய் விடணும்னு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி அவள் குழந்தைகளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்ததைக் கவனித்தேன். நான் வருவதற்கு முன்னும் அவள் இப்படித்தான் பார்ப்பாளா என்று தெரியவில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதையையும், போனையும், யாழினியை அறைந்ததையும். அவள் முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. யாழினியின் கன்னத்தைத் தடவினாள். "தண்ணி வந்துருச்சுன்னா யாருக்குத்தான் கட்டுப்படுதுங்க, அண்ணி" என்றாள். அது மன்னிப்பா, மரியாதையா? தெரியவில்லை.

செந்தில் வாய்க்காலில் கால் நனைய நின்றுகொண்டிருந்தான். ரெண்டு நாள் முன்னாடியே வந்துருச்சு, நாளைக்கே உழவு ஓட்டலாம் என்று அவனுக்கு ஒரே குஷி. பக்கத்தில் போய் நின்றேன்.

"செந்திலு, அன்னிக்கு உன்னைக் குழாய்க்குள்ள கூட்டிட்டுப் போனது நான்தான்டா. நீ வரலன்னுதான் சொன்ன. நான் வீட்டுல பொய் சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்தான். புருவத்துத் தழும்பு வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது.

"இல்லக்கா. நானாத்தான் போனேன். நீ கரையில நின்னு வேணாம் வேணாம்னு கத்துன. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நான் பதினொரு வயதில் இட்டுக்கட்டிய வாக்கியம். ஒரு சொல் பிசகாமல் இருந்தது. காய்ச்சலில் கிடந்தவன் தலைமாட்டில் பத்து முறையாவது நான் அதைச் சொல்லியிருப்பேன். அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் பதிந்துவிட்டதா? இல்லை, கையெல்லாம் கீறலாக நிற்கிற அக்காவைப் பார்த்து, போகட்டும் என்று விடுகிறானா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் குனிந்து, கரையில் ஒதுங்கிய சருகை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பைக்கில் என்னை பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனான். குழாய் இருக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்தான். தண்ணீர் இப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஓடியது. நான் இழுத்துப் போட்ட சாக்கு கரையில் காய்ந்துகொண்டிருந்தது.

"உள்ள என்னா இருட்டுங்கிற" என்றான், திரும்பாமல். "உன் மஞ்சப் பாவாடை மட்டும் முன்னாடி போய்க்கிட்டே இருந்துச்சு."

என் கை அவன் தோளில் இருந்தது. கரையில் நின்று கத்திய அக்காவின் பாவாடை குழாய்க்குள் எப்படித் தெரியும்?

"என்னடா சொன்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. இறுக்கிப் புடிச்சுக்க. ரோடு சரியில்ல."